வீட்டுக்கும் படகுக்கும் சோலார்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். மாடியில் 2 கிலோவாட் சோலார் ஓடுகிறது. மச்சானின் ஃபைபர் படகில் 150 வாட் பேனல் ஒன்று இருக்கிறது. இரண்டும் இன்று நல்லபடியாக வேலை செய்கின்றன. ஆனால் வீட்டு வேலை முடிய 7 மாதம் ஆனது. படகில் முதலில் போட்ட செட் ஒரே வாடைக்காலத்தில் வீணாகிவிட்டது. பாம்பன், மண்டபம், வேதாளை, ஏர்வாடி, தொண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது யாராவது ஒருவர் “சோலார் போடலாமா?” என்று கேட்கிறார்கள். நம் கரையில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. எங்களை அலையவிட்டது வீட்டில் காகிதம், படகில் உப்பு. இந்த இரண்டையும் முதலிலேயே சரியாகப் பிடித்துக்கொண்டால் நீங்கள் 2 மாதத்தில் முடித்துவிடலாம்.

1. கடைசி 6 மின்கட்டண பில்லை எடுத்து வையுங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பதால் 6 பில் என்றால் ஒரு வருஷக் கணக்கு. ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று மட்டும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 மலிவு. அதனால் உங்கள் வீடு 200 யூனிட்டுக்குள் நின்றுவிடுகிறது என்றால் சோலார் போட வேண்டாம். யார் வந்து என்ன சொன்னாலும் வேண்டாம். போட்ட பணம் திரும்பாது. 300, 400 யூனிட் ஓடும் வீட்டில் போடலாம். ஆனால் பணம் திரும்ப 10 வருஷத்துக்கு மேல் பிடிக்கும். உண்மையான பலன் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான். 500ஐத் தாண்டினால் அந்த மலிவு விலை போய்விடும், மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். சோலார் தருகிற யூனிட் அந்த உச்சியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டுகளைத்தான் முதலில் கழிக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், மீன் வைக்க ஒரு சின்ன ஃப்ரீசர், தண்ணீர் மோட்டார். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம் ஓடும். பில் 3,800 ரூபாய் வரும். 1 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். இப்போது எங்கள் பில் 300க்கும் 400க்கும் நடுவில் வருகிறது. இந்தக் கணக்கை உங்கள் பில்லுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

தேவைக்கு மேல் பெரிதாகப் போடாதீர்கள். மிச்சமாகிற யூனிட் அடுத்த பில்லில் கழியும், அவ்வளவுதான். “கரண்டை விற்றே சம்பாதிக்கலாம்” என்று சொல்லி 5 கிலோவாட்டைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

2. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

எனக்கு 4 மாதம் போனது இந்த ஒரு இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் மின் இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அப்பா போய் 6 வருஷம். பில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் அதே இணைப்பு எண்ணைப் போட்டு, என் ஆதார், என் வங்கிக் கணக்கு வைத்து விண்ணப்பித்துவிட்டேன். எதுவும் நகரவில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்த பெரியவர் கணினியைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, பில்லு அப்பா பேர்ல. பேங்க் கணக்கு உங்க பேர்ல. மானியம் யாருக்குப் போகும்? முதல்ல பேரை மாத்திட்டு வாங்க.”

மின் இணைப்பில் இருக்கும் பெயரும், விண்ணப்பிப்பவர் பெயரும், மானியம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இணைப்பு தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோதான் இருக்கிறது. உங்களுடையதும் அப்படி என்றால் சோலாரைப் பற்றி யோசிக்கும் முன்பு பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

எங்களிடம் கேட்டவை: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். இதில் நேரம் பிடிப்பது வாரிசுச் சான்றும் சம்மதக் கடிதமும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்தாகி வர வேண்டும். எங்களுக்கு 2 மாதம் ஆனது. அண்ணன் கத்தாரில் இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இங்கே வந்து சேர இன்னொரு 3 வாரம். உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்தால் அடுத்த விடுமுறையில் வரும்போதே கையெழுத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், மின் பில்லில் இனிஷியலே இல்லை என்று இருக்கும். சின்ன விஷயம் போலத் தெரியும். பணம் வந்து விழ வேண்டிய நேரத்தில் இதுதான் நிறுத்தி வைக்கும். மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலுவலகத்தில் இருக்கும்போதே, உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் பளு அனுமதித்திருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போடப்போகும் சோலாரை விட அது குறைவாக இருந்தால் பளுவைக் கூட்ட வேண்டி வரலாம். ஒரே அலைச்சலில் இரண்டையும் முடித்துவிடலாம்.

3. கூரையை மத்தியானம் ஏறிப் பாருங்கள்

1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இடம் வேண்டும். தளம் போட்ட வீடாக இருக்க வேண்டும். காலை 9, மதியம் 12, மாலை 3 என்று மூன்று தடவை ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துத் தென்னையின் ஒரு மட்டை ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் தட்டினாலும் வரிசை முழுக்க உற்பத்தி குறையும். தண்ணீர்த் தொட்டி நிழலையும் மறந்துவிடாதீர்கள்.

பேனல் தெற்குப் பார்த்து 10 டிகிரி சரிவில் இருந்தால் போதும். நாம் 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். அதிகம் நிமிர்த்தினால் காற்று பிடிக்கும், பலனும் இல்லை.

ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ், ஓலைக் கொட்டகை என்றால் இந்தத் திட்டத்தில் இறங்காமல் 8-வது படியில் சொல்லும் சின்ன பேட்டரி செட்டுக்குப் போங்கள். விளக்கு, ஃபேன், போன் எல்லாம் அதிலேயே ஓடும்.

4. விண்ணப்பம்

மத்திய அரசின் ‘பிரதமர் சூர்யகர்’ திட்டத்தில் வீட்டுக்கு மானியம் கிடைக்கும். 2024-ல் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000தான். எங்களுக்கு 60,000 வந்தது.

விண்ணப்பிக்கத் தேவையானவை:
- கடைசி மின் பில், அதில் உள்ள இணைப்பு எண்
- அந்தப் பெயரில் ஆதார்
- ஆதாரோடு இணைந்த மொபைல் எண், ஒரு மின்னஞ்சல்
- வங்கிக் கணக்கு, ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம்

அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் உலவுகின்றன. “முன்பணம் கட்டினால் மானியத்தை உடனே வாங்கித் தருகிறேன்” என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். மானியம் உங்கள் கணக்கில் நேராக விழும், நடுவில் யாருக்கும் வேலை இல்லை. கணினி பழக்கம் இல்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஆனால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கு வேலை செய்ய வந்தவர் தன்னுடைய எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர் பின்னாலேயே நடக்க வேண்டியதாயிற்று.

மானியம் முதலில் வராது. முழுப் பணத்தையும் நீங்கள் போட்டு, வேலை முடிந்த பிறகுதான் வரும். கையில் பணம் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் இதே திட்டத்தில் இருக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கிப் போடாதீர்கள். மிச்சமாகும் பில்லை எல்லாம் வட்டி தின்றுவிடும்.

5. விலை கேட்பதும், எழுத்தில் வாங்க வேண்டியதும்

அரசுத் தளத்தில் பதிவான விற்பனையாளர் பட்டியல் இருக்கிறது. அதில் இருப்பவரிடம் மட்டும் வேலை கொடுங்கள்; வெளியாளிடம் போட்டால் மானியம் கிடையாது. குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எனக்கு 2 கிலோவாட்டுக்கு 1,25,000-லிருந்து 1,55,000 வரை சொன்னார்கள். கடைசியில் 1,40,000க்கு முடித்தேன்.

விலையில் எல்லாரும் பேரம் பேசுவார்கள். நாம் பேச வேண்டியது இரும்பைப் பற்றி. மதுரையிலும் திருச்சியிலும் 20 வருஷம் நிற்கிற அதே ஸ்டாண்டு நம் கரையில் 4 வருஷத்தில் துருவேறிப் பொரிந்துவிடும். என்னிடம் முதலில் வந்தவர் காட்டியது பெயிண்ட் அடித்த சாதா இரும்புச் சட்டம். “பெயிண்ட் இருக்கே சார்” என்றார். நான் அவரை மாடி ஓரத்துக்குக் கூட்டிப் போய் எங்கள் பழைய டிவி ஆண்டெனா கம்பத்தைக் காட்டினேன். அதுவும் பெயிண்ட் அடித்ததுதான். கையால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

எழுத்தில் வாங்க வேண்டியவை இவை. ஸ்டாண்டு சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாக இருக்க வேண்டும், பூச்சு 80 மைக்ரான். இல்லை என்றால் அலுமினியம். வெட்டிய இடத்திலும் துளை போட்ட இடத்திலும் பூச்சு போய்விடும், அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். நட்டு, போல்ட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, 316 கிரேடு. 304 கிரேடு போட்டால் நம் காற்றில் பழுப்புப் பூக்கும். பேனலுக்கு உப்புக் காற்றுச் சோதனைச் சான்று, ஐ.இ.சி. 61701, இருக்க வேண்டும். பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டக் கூடாது; வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து ஏமாறுகிற இடம், பேனல் எங்கே செய்தது என்பது. மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல் உள்ள பேனல்தான் செல்லும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள். வெளிநாட்டு செல் போட்டது வாட்டுக்குச் சில ரூபாய் மலிவு. அதைப் போட்டுவிட்டு மானியம் வராமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பில்லில் ‘டி.சி.ஆர்.’ என்று எழுதி, ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் குறித்து வாங்குங்கள்.

எர்த் குழி இன்னொன்று. நம் மணல் காய்ந்துவிட்டால் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் தட்டுகிற ஆழம் வரை கம்பி இறங்க வேண்டும். இடிதாங்கிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனி எர்த். நான் பக்கத்திலேயே நின்று குழி தோண்டுவதைப் பார்த்தேன், நீங்களும் நில்லுங்கள்.

மீட்டர் கட்டணம் விலையில் அடங்குமா, 5 வருஷப் பராமரிப்பு உண்டா, வரி எவ்வளவு என்பதையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமான்களின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வரி போட்ட விலைப்பட்டியலை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

6. மீட்டரும் மானியமும்

மாடியில் வேலை இரண்டே நாள். அப்புறம் மின்வாரியம் வந்து பார்த்து, வருவதையும் போவதையும் தனித்தனியாக எண்ணும் மீட்டரை மாட்ட வேண்டும். எங்களுக்கு இதற்கு 24 நாள் ஆனது. மீட்டர் மாட்டும் முன் சோலாரை ஓட்டாதீர்கள். பழைய மீட்டர் சில சமயம் வெளியே போகிற கரண்டையும் நீங்கள் செலவழித்ததாகக் கூட்டிவிடும்.

மீட்டர் மாட்டி, சோலார் ஓடத் தொடங்கிவிட்டது என்கிற இயக்கச் சான்று அரசுத் தளத்தில் ஏறியதும் வங்கி விவரம் கொடுக்கும் இடம் திறக்கும். அதைக் கொடுத்த பிறகுதான் மானியக் கணக்கு ஆரம்பம். 30 நாளில் வர வேண்டும். எனக்கு ஐந்தாவது வாரத்தில் வந்தது. பலர் மீட்டர் மாட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை நிரப்பாமல் பணம் வராது.

மாசி, பங்குனியில் தொடங்கினால் நல்லது. வானம் தெளிவு, காற்று அடக்கம். ஆடிக் கச்சான் காற்றில் மாடியில் பேனலைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. ஐப்பசியில் தொடங்கினால் மழையில் இழுத்துக்கொண்டே போகும்.

7. கரண்டு போனால் இந்த சோலாரும் நிற்கும்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சோலார் போட்ட வருஷம் கார்த்திகையில் ஒரு புயல் மழை. மறுநாள் காலை வெயில் வந்துவிட்டது. மின்கம்பம் சாய்ந்ததால் ஊரில் கரண்டு இல்லை. மாடியில் பேனல் பளபளவென்று இருக்கிறது, வீட்டில் ஃபேன் ஓடவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

காரணம் இதுதான். மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் மாடிக் கரண்டு கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். அது பழுது இல்லை, பாதுகாப்பு.

புயல் நேரத்தில் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும். செலவு அதிகம், பேட்டரிக்கு மானியமும் இல்லை. நாங்கள் வேறு வழி செய்தோம்: படகு பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். புயல் எச்சரிக்கை என்றால் படகு கரையில்தானே இருக்கும். 6 கிலோ எடை உள்ள பெட்டி, ஒரு கையில் தூக்கி வந்துவிடலாம். வீட்டில் 12 வோல்ட் பல்பு மூன்றும், போன் சார்ஜர் பிளக் ஒன்றும் தனி ஒயரில் இழுத்து வைத்திருக்கிறோம். பேட்டரியை மாட்டினால் இரண்டு ராத்திரி ஓடும். சமையலறையில் விளக்கு எரிந்தாலே வீட்டில் பாதிப் பயம் போய்விடுகிறது.

8. படகு: எது ஆகும், எது ஆகாது

மச்சான் முதலில் கேட்டது, “இன்ஜினையே சோலார்ல ஓட்டிடலாமா மாப்ள?” என்றுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் ஏறத்தாழ 7.5 கிலோவாட். முழு வேகத்தில் 3 மணி நேரம் ஓடினால் 22 யூனிட். படகில் வைக்க முடிகிற 150 வாட் பேனல் ஒரு நாளில் தருவது அரை யூனிட் சொச்சம். ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டும். கேரளாவில் வைக்கத்தில் 2017-லிருந்து சோலார் பயணிகள் படகு ஓடுகிறது. அது உள்நாட்டு நீரில், குறுகிய தூரத்துக்கு, கூரை முழுக்கப் பேனல் வைத்து அதற்கென்றே கட்டிய படகு. வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு அலையில் போகிற நம் படகுக்கு அது பொருந்தாது.

ஆகிற வேலை எது? விளக்கு, ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். வயர்லெஸ், போன். இவை நாலும் ராத்திரி முழுக்க இன்ஜினைத் தொடாமல் ஓடும். பேட்டரி இறங்கிவிடுமே என்று வயர்லெஸை அணைத்து வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். கரை தள்ளிப் போனால் போன் எடுக்காது, ஆபத்தில் கூப்பிடுகிற வி.எச்.எஃப். 16-வது சேனல்தான் துணை. போன் எடுக்கிற தூரத்தில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இந்த இரண்டு எண்ணையும் பேட்டரி பெட்டி மூடியில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம். எண்ணெய் மிச்சம் என்று பார்த்தால் பெரிதாக இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு வயர்லெஸில் கூப்பிட்டால் சத்தம் வரும் என்கிற உறுதிக்காகத்தான் நான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஒரு ராத்திரிக் கணக்கு, வாட்டை மணி நேரத்தால் பெருக்கி வரும் வாட்-மணியில் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்): 5 வாட் பல்பு மூன்று, 10 மணி நேரம், 150. ஜி.பி.எஸ். 6 வாட், 12 மணி நேரம், 72. வயர்லெஸ் கேட்கும் நிலையில் அதே அளவு, 72. போன் மூன்றுக்கு 45. மொத்தம் 340 வாட்-மணி. 150 வாட் பேனல் சேதாரம் போக 400 தரும். 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 500 வரை எடுக்கலாம். சரியாகப் போதும். வயர்லெஸில் பேசும்போது மட்டும் 5, 6 ஆம்பியர் இழுக்கும்; அதற்கும் இடம் இருக்கிறது.

9. படகுக்கு என்ன வாங்குவது

வீட்டு மானியம் படகுக்குக் கிடையாது. இது முழுக்கச் சொந்தக் காசு. எங்களுக்குப் பேனல் 7,500, பேனலிலிருந்து பேட்டரிக்கு அளவாகக் கரண்டு விடும் சார்ஜ் கன்ட்ரோலர் 4,000, பேட்டரி 14,000, ஒயர், ஃப்யூஸ், பெட்டி, போல்ட்டு எல்லாம் 4,500. ஆக 30,000. கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பேட்டரியில் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் தடவை நாங்கள் வைத்தது லாரியில் இருந்து கழற்றிய ஈய-அமில பேட்டரி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், எடையும் 30 கிலோ. அதைவிட முக்கியம், அதற்குள் கடல் தண்ணீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். லித்தியத்தில் ‘இரும்பு பாஸ்பேட்’ வகை என்று கேட்டு வாங்குங்கள், தீப்பிடிக்கும் பயம் குறைவு. கன்ட்ரோலரில் லித்தியத்துக்கு என்று அமைப்பு இருக்கும். கடைக்காரரையே அதை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

பேனல் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் உள்ளதாக இருக்கட்டும். வளைகிற பேனல் அழகாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் சூடேறிச் சீக்கிரம் கெடும். ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பு. இதைக் கேட்டால் வீட்டு ஒயரிங் கடையில் முழிப்பார்கள்; படகு சாமான் கடையில் கேளுங்கள்.

10. பொருத்துவது

முதல் செட் ஏன் செத்தது என்று பார்க்க இணைப்பைப் பிரித்தோம். ஒயர் மேலே கறுப்பாக நன்றாகவே இருந்தது. பிளாஸ்டிக்கைச் சீவினால் உள்ளே செம்புக் கம்பி இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. இன்னும் ஒரு சாண் சீவினேன், அங்கேயும் பச்சை. முனையில் புகுந்த உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவில் ஏறி ஏறி ஒரு முழத்துக்குப் போயிருந்தது. டேப் சுற்றியிருந்தோம். டேப் தண்ணீரை நிறுத்தவில்லை, உள்ளேயே பிடித்து வைத்தது.

ஆகவே டேப் சுற்றாதீர்கள். ஒவ்வொரு இணைப்பையும் அழுத்தி மூடி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். பேட்டரி முனையில் வாசலின் தடவுங்கள். கன்ட்ரோலரையும் ஃப்யூஸையும் ரப்பர் வளையம் உள்ள மூடிய பெட்டியில் வையுங்கள். ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். ஒயர் பெட்டிக்குள் போகும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பேனலை வலை இழுக்கிற பக்கம் வைக்காதீர்கள். நாங்கள் பின்பக்கம் குழாய் வளைத்துச் சட்டம் கட்டி, ஆள் தலைக்கு மேலே படுக்கையாக வைத்தோம். கொடிக் கம்பின் நிழல்கூடப் பேனலில் விழக் கூடாது. நாலு நட்டைத் திருகினால் பேனல் கையோடு வருகிற மாதிரி அமையுங்கள். புயலுக்கும் திருட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுத்துவிட்டு அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் எரியும்.

விசைப்படகு வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போதே இதையும் முடித்துவிடலாம். வீல்ஹவுஸ் கூரை இருப்பதால் உங்களுக்கு இடப் பிரச்சினையும் இல்லை. நாட்டுப்படகுக்காரர்கள் காற்று மோசமான நாலு நாள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒன்றரை நாள்தான்.

11. கழுவுவது

கடல் காற்றில் பேனல் மேல் உப்புப் படலம் படியும். கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்து இழுத்தால் தெரியும். வீட்டில் 10 நாளைக்கு ஒரு முறை, படகில் கரை வந்த அன்றே. காலை வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம் நிலத்தடி நீர் காய்ந்ததும் வெள்ளைக் கறை விட்டுவிடும், அப்புறம் தேய்த்தாலும் போகாது. நாங்கள் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் மாடிக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். 2 கிலோவாட்டுக்கு அது தாராளம். கடற்காக்கை எச்சம் விழுந்தால் மட்டும் 10 நாள் காத்திருக்காமல் அன்றே துடையுங்கள். அந்த ஒரு பொட்டு நிழல் போலவே வேலை செய்யும்.

இன்வெர்ட்டரில் அன்றன்றைய யூனிட் காட்டும். சாயங்காலம் அதை நாள்காட்டியில் எழுதிவைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். 8 வந்துகொண்டிருந்தது, மேகமில்லாத நாளில் 7க்குக் கீழே வந்தால் கழுவும் நாள் என்று அர்த்தம். கழுவியும் ஏறவில்லை என்றால் விற்பனையாளரைக் கூப்பிடுங்கள், 5 வருஷப் பராமரிப்பு அதற்குத்தான்.

புரட்டாசி கடைசியில், வாடை கிளம்பும் முன், மாடிக்கு ஒரு ஸ்பேனரோடு ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். எங்கள் ஸ்டாண்டில் போன வருஷம் 16-ல் 3 தளர்ந்திருந்தன.